பால் பொங்கும் நேரம்: ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் தடுத்த விதம்

ரக்பி ரசிகர்களிடம் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் என்று பெயரைச் சொன்னால் போதும், உடனே அந்த ஒரு மோதலுக்குத்தான் போவார்கள். 1976 மார்ச், கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். வேல்ஸும் பிரான்ஸும் ஆடுகின்றன. ஜெயித்தால் அந்த ஆண்டு ஐந்து நாடுகள் போட்டியில் எல்லோரையும் வென்றவர்கள் என்ற கிராண்ட் ஸ்லாம் பெருமை வேல்ஸுக்கு. ஆட்டம் முடியப்போகும் வேளையில் பிரெஞ்சு விங்கர் கூர்தோன் பந்தோடு மூலைக்கொடியை நோக்கிப் பாய்கிறார். குறுக்கே வந்த வேல்ஸின் 15-ஆம் எண் சட்டைக்காரர் ஜே.பி.ஆர். தோளால் இடித்த இடியில் கூர்தோன் பக்கக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தார். வேல்ஸ் 19-13 என வென்றது.

இதை வைத்தே அவரைத் தலைசிறந்த ஃபுல்பேக் என்பவர்கள் உண்டு. வெறும் முரட்டுத்தனம், இன்று செய்தால் மைதானத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்பவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பார்ப்பது கடைசி அரை நொடியைத்தான். எனக்கென்னவோ, அவருடைய தடுப்பாட்டம் அதற்கு முந்தைய ஐந்தாறு நொடிகளில்தான் இருந்தது என்று தோன்றுகிறது. அதைப் புரிந்துகொள்ள மைதானத்தைவிட அடுக்களை வசதி.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காய் நறுக்குகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கை கத்தியில், கண் பாலில். பால் திடீரென்று பொங்குவதுபோலத் தெரியும். ஆனால் ஓரத்தில் குமிழி கட்டி, ஆடை லேசாகத் தூக்கி, நுரை பாத்திரத்தின் சுவரைப் பிடித்து ஏறி, இத்தனை அடையாளமும் காட்டிவிட்டுத்தான் அது பொங்கும். பழகியவர் ஆடை தூக்கும்போதே கையை நீட்டி அடுப்பைச் சிம்மில் வைத்துவிடுவார். அதைத் தவறவிட்டால் பிடிதுணி தேட நேரமிருக்காது. வெறுங்கையாலேயே பாத்திரத்தை இறக்க வேண்டியதுதான்.

ரக்பியில் அணிக்கு 15 பேர். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் கொடுக்க வேண்டும். அதனால் தாக்கும் அணி மைதானத்தின் குறுக்கே விரிந்து ஓடும். தடுக்கும் அணியும் அதற்கு எதிரே குறுக்காக வரிசை கட்டும். மைதானத்தின் அகலம் 70 மீட்டர் வரை இருக்கலாம். வரிசையில் யாராவது ஒருவர் சறுக்கினால் அந்த ஓட்டை வழியாக வருபவருக்கும், அப்பால் பந்தை வைத்தால் ‘ட்ரை’ என்ற புள்ளி கிடைக்கும் ட்ரை கோட்டுக்கும் நடுவே மிச்சமிருப்பவர் ஃபுல்பேக் ஒருவர்தான். அவர் முன்னே வந்து நின்றால் எதிரணி தலைக்கு மேலே பந்தை உதைத்துவிடும், ஏனென்றால் காலால் முன்னோக்கி அனுப்பத் தடையில்லை. பின்னே நின்றால் ஓட்டை பெரிதாகும். எங்கே நிற்பது என்பதே அவருக்கு எண்பது நிமிடமும் தீராத கணக்கு.

காய் நறுக்கும் வேலை, அதாவது பந்தோடு ஓடித் தாக்கும் வேலை, ஃபுல்பேக் தலையில் விழுந்ததற்கு ஒரு விதிமாற்றம் காரணம். முன்பெல்லாம் மைதானத்தின் எந்த இடத்திலிருந்தும் பந்தை நேராக வெளியே உதைத்துத் தூரத்தைச் சம்பாதிக்கலாம். ஃபுல்பேக் பந்தைப் பிடிப்பார், வெளியே உதைப்பார், முடிந்தது. 1960-களின் முடிவில், சொந்தக் கோட்டிலிருந்து 25 கெஜத்துக்கு அப்பால் நின்று நேராக வெளியே உதைத்தால் அந்தத் தூரம் கணக்கில் சேராது என்று விதி வந்தது. ஆக, பிடித்த பந்தோடு ஓடித்தான் ஆக வேண்டும். ஜே.பி.ஆர். வேல்ஸுக்காக முதலில் ஆடியது 1969-ல். மாற்றம் சூடாக இருந்த நேரம். இங்கிலாந்துக்கு எதிராக மட்டும் அவர் ஐந்து ட்ரை எடுத்தார். ஒரு ஃபுல்பேக்குக்கு அது அன்றைக்குப் பெரிய விஷயம். அவர் ஆடிய எந்த ஆட்டத்திலும் வேல்ஸ் இங்கிலாந்திடம் தோற்கவில்லை என்பதை வேல்ஸ்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

சரி, அடுப்பைத் தணிப்பது என்றால் என்ன? இரண்டு பேர் பந்தோடு வருகிறார்கள், எதிரே ஃபுல்பேக் ஒருவர் மட்டும். பந்து வைத்திருப்பவர்மேல் அவசரப்பட்டுப் பாய்ந்தால் பந்து பக்கத்தில் வருபவருக்குப் போய்விடும், கதை முடிந்தது. அதனால் நல்ல ஃபுல்பேக் பாயமாட்டார். உட்பக்கமாகச் சற்றே சாய்ந்து நின்று, வெளிப்பக்கத்தில் வழி திறந்திருப்பதுபோலக் காட்டுவார். ஓடிவருபவர் அந்த வழியில் போகப் போகப் பக்கக் கோடு நெருங்கும். கோட்டைத் தொட்டால் ஆள் வெளியே, ஆகவே கோடும் இவருக்காகத்தான் ஆடுகிறது. அதற்குள் பின்னாலிருந்து தன் ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து சேர்ந்துவிடுவார்கள். பெரும்பாலான நேரம் அங்கே மோதலே நடக்காது; ஓடிவந்தவர் பதறிப்போய்ப் பந்தை உதைத்துவிடுவார். இப்படித் தடுத்ததை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பொங்காத பாலைப் பற்றி வீட்டில் யார் பேசுகிறார்கள்?

ஜே.பி.ஆர். மின்னல் வேகக்காரர் அல்லர். அவருக்கு இருந்தது முன்கூட்டியே புறப்படும் கண். சிறுவயதில் டென்னிஸில் கெட்டிக்காரர். 1966-ல் விம்பிள்டனில் நடந்த பிரிட்டன் ஜூனியர் போட்டியின் பட்டத்தை வென்றவர். எதிராளியின் தோளைப் பார்த்தே பந்து எங்கே விழும் என்று முடிவுசெய்து காலை நகர்த்தும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இனி வெறுங்கை. கூர்தோன் விஷயத்தில் அடுப்பைத் தணிக்கும் கட்டம் தாண்டிவிட்டது, நுரை விளிம்புக்கு வந்தாயிற்று. உருண்டையான எண்களாக எடுத்துக்கொள்வோம்: ஓடுபவரின் எடை 85 கிலோ, வேகம் நொடிக்கு 8 மீட்டர், ட்ரை கோடு 3 மீட்டர் தூரத்தில், பக்கக் கோடு 1 மீட்டர் தள்ளி. ட்ரை கோட்டைத் தொட அவருக்கு 0.4 நொடிகூட வேண்டாம். இந்த நிலையில் காலைக் கட்டிப் பிடித்தால் ஆள் விழுவார், ஆனால் வந்த வேகத்தில் முன்னோக்கித்தான் விழுவார்; கையை நீட்டிப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்துவிடுவார். நிறுத்துவது உதவாது, திசையை மாற்ற வேண்டும். அந்த 0.4 நொடிக்குள் ஆள் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டுமானால், பக்கவாட்டில் நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தை ஒரே இடியில் கொடுத்தாக வேண்டும். தோளும் உடம்பும் தொட்டுக்கொள்ளும் நேரம் பத்தில் ஒரு நொடி என்றால், அந்தத் தள்ளு 200 கிலோ எடைக்கும் மேலானது. கையை விரித்துக் கட்டிப்பிடிக்கப் போனால் தோள் பின்வாங்கும், இடியின் கூர்மை போய்விடும். அவர் தோளை மட்டும் கொண்டுபோனதற்கு அந்த இடத்தில் காரணம் இருந்தது. ஆனால் சரியான கோணத்தில் வந்து சேர்ந்திராவிட்டால் எந்தத் தோளும் உதவியிருக்காது.

கூர்தோன் ட்ரை கோட்டைத் தொட்டிருந்தால்? அப்போது ட்ரைக்கு 4 புள்ளி, அதைத் தொடரும் கன்வர்ஷன் உதைக்கு 2. மூலையிலிருந்து உதைப்பது கடினம்தான், ஆனாலும் 13-உடன் ஆறைக் கூட்டினால் 19. கிராண்ட் ஸ்லாம் அங்கேயே போயிருக்கும்.

உயரப் பந்தைப் பிடிப்பதிலும் அவருடைய உடல்வலு வேலைசெய்தது. பந்து மேலிருந்து இறங்கும், எதிரே நாலைந்து பேர் ஓடிவருவார்கள். நெஞ்சைக் காட்டி நின்றால் விலா எலும்பு போகும். பக்கவாட்டில் திரும்பி, இடுப்பையும் தோளையும் முன்வைத்துப் பிடிக்க வேண்டும். கண்ணைப் பந்திலிருந்து எடுக்கக் கூடாது. இதில் அவரை நம்பியே முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஆடினார்கள்.

அவருடைய துணிச்சலுக்குச் சொல்லப்படும் கதைகளில் இரண்டை நான் பிரித்துப் பார்ப்பேன். 1978-ல் தன் ஊரான பிரிட்ஜெண்ட் அணிக்காக நியூசிலாந்தோடு ஆடும்போது பூட்ஸ் ஆணியில் கன்னம் கிழிந்தது. மருத்துவரான தந்தையே 30 தையல் போட்டார், பிறகு மகன் மைதானத்துக்குத் திரும்பிவிட்டார். இன்னொன்று 1974, தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத். அவர் ஆடிய பிரிட்டிஷ் லயன்ஸ் என்ற கூட்டு அணியினர் ஒரு அடிதடியில் இறங்க, வெகுதூரத்திலிருந்து ஓடிவந்து எதிரணியின் ராட்சத ஃபார்வர்டு ஒருவரை இவர் குத்தினார். இதையும் சிலர் அவருடைய தடுப்பாட்டப் பெருமையில் சேர்க்கிறார்கள். நான் சேர்க்கமாட்டேன். அதில் காப்பாற்ற ஒரு கோடும் இல்லை.

எதிர்த்தரப்பின் வாதம் லேசானதல்ல. கையால் பற்ற முயலாமல் பந்து வைத்திருப்பவரை இடித்துத் தள்ளுவது இன்று தவறு. நிச்சயமாக எடுக்கப்பட்டிருக்கும் ட்ரை அப்படித் தடுக்கப்பட்டால் பெனால்ட்டி ட்ரை, 7 புள்ளி, கூடவே மஞ்சள் அட்டை. அன்றைய ஆட்டத்தை இன்றைய புள்ளிமுறையில் போட்டுப் பார்த்தேன். வேல்ஸின் ஒரு ட்ரையும் ஐந்து பெனால்ட்டியும் சேர்ந்து 20. பிரான்ஸின் இரண்டு ட்ரை, ஒரு கன்வர்ஷன், ஒரு பெனால்ட்டி சேர்ந்து 15. பெனால்ட்டி ட்ரையைக் கூட்டினால் 22. பிரான்ஸ் ஜெயித்துவிடுகிறது! ஆனால் அன்று நடுவர் விசில் ஊதவில்லை. ஊதும் காலத்தில் பிறந்திருந்தால் அவரும் வேறு விதமாகக் கையை வைத்திருப்பார். ஒருவரை அவர் காலத்து விதியில்தான் நிறுத்தி நிறுக்க வேண்டும்.

பந்தோடு ஓடும் அழகில் அவரைவிட மேலானவர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸின் செர்ஜ் பிளாங்கோ 93 ஆட்டங்களில் 38 ட்ரை எடுத்தார். நியூசிலாந்தின் கிறிஸ்டியன் குல்லன் 58 டெஸ்டில் 46. அந்த விகிதத்தின் பக்கத்தில் ஜே.பி.ஆர். நிற்கவே முடியாது. தடுப்பில் என்றால் அவருடைய நாட்டுக்காரரே ஆன லீ ஹாஃப்பென்னியைச் சொல்லலாம். உருவத்தில் சிறியவர், ஆனால் தன்னைவிடப் பெரியவர்களின் முன்னே பயமில்லாமல் போய் விழுவார். அதற்கு விலையாகத் தலையில் பலமுறை அடிபட்டார். துணிச்சலில் இருவருக்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். துணிச்சலோடு அதைத் தாங்கும் உடம்பும் ஜே.பி.ஆருக்கு வாய்த்திருந்தது.

எண்பது நிமிடமும் பார்த்து ரசிக்க ஒருவர் வேண்டுமென்றால் நான் குல்லனைத்தான் எடுப்பேன். ஆறு புள்ளி முன்னிலையில், ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது கடைசியில் நிறுத்த ஒருவர் என்றால் ஜே.பி.ஆரைத் தவிர வேறு பெயரே தோன்றாது. 1978-ல் ஆஸ்திரேலியா போன வேல்ஸ் அணியில் காயத்தால் ஆள் குறைந்தபோது, ஒரு டெஸ்டில் ஜே.பி.ஆரை ஃப்ளாங்கராக, அதாவது முட்டி மோதும் ஃபார்வர்டு கூட்டத்துக்குள் ஒருவராக, இறக்கிவிட்டார்கள். பிளாங்கோவையோ குல்லனையோ அந்த இடத்தில் நிறுத்த எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வந்திருக்காது.