மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லையென்றால்...

"அக்கா, தப்பு அவன் மேலதான்னு போலீஸே சொல்லிட்டாங்க. ஆனா அவன் வண்டிக்கு இன்ஷூரன்ஸே கிடையாதாம்! இனிமே பணம் யாரு தருவாங்க?"

எங்கள் தெரு இளம் தாய் ஒருத்தி இப்படிக் கேட்டு அழுதாள். இடுப்பில் கைக்குழந்தை, கால் முறிந்த கணவர் ஆஸ்பத்திரியில். சகோதரிகளே, இந்தக் கேள்விக்குப் பதிலை நாம் எல்லோருமே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் 'தேர்டு பார்ட்டி' இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்கிறது 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம். மீறினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். இருந்தும் கட்டாதவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்!

அதற்காக நஷ்ட ஈடே கிடையாது என்று மனம் தளர வேண்டாம். அந்த வண்டியின் சொந்தக்காரரே தம் கைப்பணத்திலிருந்து தந்தாக வேண்டும். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போடுங்கள். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஆனால் அவரிடம் பணம் இருந்தால்தானே கைக்கு வரும்?

மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்? உயிரிழப்புக்கு 2 லட்சமும், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். இது 2022 ஏப்ரல் முதல் உள்ள தொகை. வருவாய்க் கோட்டாட்சியரிடமோ தாசில்தாரிடமோ விண்ணப்பிக்க வேண்டும். சிகிச்சைக்கோ, தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

இனி நம் வீட்டு ஸ்கூட்டருக்கு வருவோம். பாலிசியில் 'பர்சனல் ஆக்சிடென்ட்' என்று ஒரு வரி இருக்கிறதா, பாருங்கள். சொந்தக்காரரே ஓட்டும்போது உயிரிழப்பு அல்லது நிரந்தர முழு ஊனம் நேர்ந்தால் 15 லட்சம் ரூபாய் வரும். மோதியவருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். லைசென்ஸ் மட்டும் அவசியம். எலும்பு முறிவுச் செலவுக்கு இது உதவாது. அதற்கு மெடிக்கல் பாலிசிதான்.

'சொந்தக்காரர்' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? வண்டி கணவர் பெயரில். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போவதோ நீங்கள். அப்படியானால் அந்த 15 லட்சம் உங்களுக்கு இல்லை! பின்னால் உட்கார்ந்து போனாலும் இல்லை. உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும். ஆறாவது வருடம் பலருக்கும் மறந்துவிடுகிறது.

அந்தப் பெண்ணும் மனுவுக்காகக் காகிதங்களைத் தேடியபோது தங்கள் ஸ்கூட்டர் பாலிசியைப் பார்த்தாள். அது முடிந்து நாலு மாதமாகியிருந்தது!

இன்றே பீரோவைத் திறந்து பாலிசியை எடுங்கள். முடியும் தேதியைப் பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே குறித்துவிடுங்கள்.