238-ம் 292-ம்: ஒரு நாவல் போடும் கணக்கு

ஜுராசிக் பார்க் என்றாலே 1993-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த படம்தான் பலருக்கும் ஞாபகத்துக்கு வரும். டைனோசர் துரத்தும், பிள்ளைகள் அலறும். 1990-இல் வெளிவந்த மூல நாவலை வாசித்தவர்கள் குறைவு. எழுதியவர் மைக்கேல் கிரைட்டன் (1942-2008). ஹார்வர்டில் மருத்துவம் படித்துவிட்டு எழுத்துக்கு வந்தவர். விறுவிறுப்பான கதைக்குள்ளே மரபணுப் பொறியியலின் அறம் பற்றிய பெரிய வாதம் ஒன்றை வைத்திருக்கிறார். வியாபாரி என்கிற முறையில் எனக்குப் பட்டதை இங்கே விளக்குகிறேன்.

மரபணுப் பொறியியல் என்பது, ஓர் உயிரின் குணங்களைத் தாங்கிய டி.என்.ஏ. இழையை வெட்டி, வேறொன்றோடு ஒட்டும் வித்தை. இதன் ஆபத்தை உணர்ந்து 1975-இல் கலிபோர்னியாவிலுள்ள அசிலோமரில் விஞ்ஞானிகளே கூடித் தங்களுக்குக் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். 1982-இல் பாக்டீரியா மூலம் தயாரித்த மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நம்மில் எத்தனை சர்க்கரை நோயாளிகள் இன்சுலினால் நடமாடுகிறோம்! ஆகவே வித்தை கெட்டதல்ல. அது யார் கையில், எதற்காக என்பதே கேள்வி.

நாவலில் ஜான் ஹாமண்ட் என்னும் பணக்காரர், பிசினில் சிக்கிய கொசுவின் வயிற்று ரத்தத்திலிருந்து டைனோசர்களை உண்டாக்கி, கோஸ்டா ரிகா அருகே ஒரு தீவில் காட்சிசாலை அமைக்கிறார். மருந்து செய்யலாமே என்றால், மருந்துக்கு அரசாங்கம் விலை கட்டும், கேளிக்கைக்கு யாரும் தலையிடமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. லாபத்தில் தப்பில்லை. ஆனால் கேட்பாரில்லாத இடமாகப் பார்த்துக் கடை போடுகிறவனை எந்தச் சந்தையும் நம்பாது.

எல்லாம் பெண் விலங்குகள், ஆகவே பெருகாது என்று நினைக்கிறார்கள். விட்டுப்போன டி.என்.ஏ. பகுதிகளைத் தவளையினுடையதைக் கொண்டு நிரப்பியிருந்தார்கள். சில தவளைகள் பால் மாறக்கூடியவை. பெருகிவிட்டன! கணிப்பொறியோ தினமும் 238 என்றே காட்டுகிறது. எண்ணிக்கையைக் கூட்டித் தேடச் சொன்னதும் 292 வருகிறது. குறைந்தால் தெரிய வேண்டும் என்று திட்டமிட்டவர்கள், கூடினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

எங்கள் கடையில் ஒருமுறை இருப்பு எடுத்தபோது, பேரேட்டிலுள்ள எண் வந்ததும் கணக்குப்பிள்ளை எண்ணுவதை நிறுத்திவிட்டார். பிற்பாடு பார்த்தால் பின்கட்டில் அடுத்தவர் மூட்டை ஏழு கிடக்கிறது. மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். உயிரை அப்படித் திருப்ப முடியுமா?

இன்னொரு காவலும் வைத்திருந்தார்கள். லைசின் என்னும் சத்தைத் தயாரிக்க முடியாதபடி விலங்குகளை அமைத்தார்கள், தப்பினால் செத்துப்போகுமாம். உண்மையில் மனிதன் உட்பட எந்த விலங்கும் லைசினைத் தானே தயாரிப்பதில்லை; உணவிலிருந்துதான் பெறுகிறது. கதையிலும் தப்பிய விலங்குகள் லைசின் மிகுந்த பயிரைத் தேடித் தின்று பிழைக்கின்றன.

டைனோசர் வருமா என்றால், வராது. அவை மறைந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆயின. 2022-இல் கிரீன்லாந்து மண்ணிலிருந்து படித்தறிந்ததாக வெளியிட்ட டி.என்.ஏ.வின் வயதே சுமார் 20 லட்சம் ஆண்டுகள்தான்.

ஆனால் கேள்வி கதையோடு முடியவில்லை. 2018 நவம்பரில் சீன விஞ்ஞானி ஹே ஜியான்குய், கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். எய்ட்ஸ் கிருமி தொற்றாதிருக்கவாம். உலக விஞ்ஞானிகள் கண்டித்தார்கள். 2019 டிசம்பரில் சீன நீதிமன்றம் மூன்றாண்டு சிறை விதித்தது. தண்டனை முடிந்து அவர் வெளியே வந்துவிட்டார். அந்தக் குழந்தைகளின் திருத்தமோ அவர்கள் சந்ததிக்கும் போகக்கூடியது. அவர்களை யார் சம்மதம் கேட்டார்கள்?

விற்ற சரக்கில் பழுதிருந்தால் திரும்ப வாங்கிக்கொள்வது வணிக தர்மம். திரும்ப வாங்க முடியாத ஒன்றைச் செய்யுமுன், 238-இல் நிறுத்தாமல் மேலும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமை விஞ்ஞானிக்கும் வேண்டும், முதல் போடுபவனுக்கும் வேண்டும். இளைஞர்கள் இந்நாவலைத் தேடி வாசிப்பார்களாக!