கல்லிற் பொறியாத நாழிகை

இறந்தாரைக் கல்லில் நிறுத்திப் போற்றுதல் தமிழர்க்குப் புதியதன்று. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதனை நட்டு வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துள்ளது. நமது யாழ்ப்பாணத்திலோ கல்லின்றியே கல்வெட்டு உண்டு. அந்தியேட்டியன்று அச்சிட்டு வழங்கும் சிறு நூலுக்கே அப்பெயர். அதன்கண் இடம்பெறும் திதி நிர்ணய வெண்பாவில் ஆண்டு, மாதம், பக்கம், திதி யாவும் நான்கடிக்குள் அடங்கிவிடும். அவ்வெண்பாவை யாத்துத் தருமாறு எம்போன்ற பண்டிதரைத் தேடி வருவோர் பலர். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. கல்லும் வெண்பாவும் உயிர் பிரிந்த செய்தியையே சொல்வன. உயிர் ஊசலாடிய பொழுதைப் பற்றி அவை வாய்திறப்பதில்லை. உயிரைக் காக்கும் வழியோ அப்பொழுதினுள்ளேதான் இருக்கின்றது.

கல்லறை எழுத்துக்களைத் தேடிப் படிப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பல நாடுகளிலும் உளர். இலங்கையில் அது புலமைத் துறையாகவும் வளர்ந்தது. ஒல்லாந்தர் கல்லறை வாசகங்களை லியோபோல்ட் லுடோவிசி 1877 இல் நூலாக்கினார். சிவில் சேவையாளராயிருந்த ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேயர் தீவெங்கணுமுள்ள கல்லறை வாசகங்களைத் திரட்டி 1913 இல் வெளியிட்டார். கண்டியில் தலதா மாளிகைக்கு அண்மையிலுள்ள பழைய காவற்படை மயானத்தில், 1824 இல் இறந்த ஜோன் டொயிலி துயில்கின்றார். 1815 ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையிற் பெரும் பங்கு கொண்டவர் அவர். அவரைச் சூழ அடக்கப்பட்டோரிற் பலர் நாற்பது வயதைக் காணாதவர்கள். அவர்களை வாரிச் சென்றவை மலேரியாவும் வாந்திபேதியும் போன்ற நோய்களே.

வின்சுலோ அகராதியைக் கையாளாத தமிழாசிரியர் அரியர். 1862 இல் அப்பேரகராதியை வெளியிட்ட மிரோன் வின்சுலோ, அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் முன் உடுவிலில் மனைவியைப் பறிகொடுத்தவர். உடுவில் மகளிர் பாடசாலையை 1824 இல் தொடக்கிய ஹரியற் அம்மையார், 1833 தை 14 ஆந் திகதி, 36 வயதிற் காலமானார். கல்லிற் பொறிக்கும் ஓரிரு வரிகள் அக்கணவருக்குப் போதவில்லை. 1835 இல் அவருடைய வாழ்க்கையை ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார்.

எமது நண்பரொருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், இத்துறையிற் பெருவிருப்பினர். ஒரு கொப்பி, ஒரு தூரிகை, ஒரு போத்தல் தண்ணீர் ஆகியவற்றுடன் சேமக்காலை தோறும் சென்று, பாசி படிந்த எழுத்துக்களைக் கழுவிப் படித்துக் குறித்துக்கொள்வார். மாலையில் மீண்டதும் கிணற்றடியில் முழுகிய பின்னரே வீட்டினுட் புகவேண்டும் என்பது துணைவியாரின் கட்டளை. நண்பர் அதனை ஒருநாளும் மீறியதில்லை.

ஒரு நாட் காலை, தேநீர் கொண்டுவந்த அம்மையாரின் வலக்கையிலிருந்து கோப்பை நழுவி விழுந்தது. என்னவென்று வினவியபோது சொற்கள் குழறின. வாயின் வலப்புறம் தொய்ந்திருந்தது. ஓடிவந்த அயலவர், “பித்தமாயிருக்கும், கோப்பி குடுத்துப் படுக்க வையுங்கோ” என்றனர். நண்பர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மேசையிலிருந்த கல்லறைக் கொப்பியை எடுத்து, ‘காலை 6.40, வலக்கை வழுவிற்று’ என்று எழுதினார். பின்னர் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தார்.

வைத்தியசாலையில் மருத்துவர் கேட்ட முதல் வினா, “கடைசியாக எத்தனை மணிக்குச் சுகமாக இருந்தவ?” என்பதே. நண்பர் கொப்பியை நீட்டினார். மூளையைப் படம்பிடித்துப் பார்த்து, இரத்தக் கசிவு இல்லையெனத் தெளிந்த பின், அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாளத்தினூடாகச் செலுத்தினார்கள்.

இதன் நுட்பத்தை மாணவர் அறிதல் வேண்டும். பாரிசவாதங்களிற் பெரும்பாலானவை, மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயொன்று அடைபடுவதால் விளைவன. அடைப்பைக் கரைக்கும் மருந்தால் நோயாளர் நன்மையடைவதை அமெரிக்க ஆய்வொன்று 1995 இல் நிறுவியது. நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் அதனைக் கொடுத்தல் பொதுவிதி. அடைப்பு நீங்காதவிடத்து, ஒரு நிமிடத்திற் சராசரியாக 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என 2006 இல் ஒரு மருத்துவ அறிஞர் கணித்துள்ளார். தொடங்கிய நேரம் தெரியாவிடின், நோயாளர் இறுதியாக நலமாகக் காணப்பட்ட நேரத்தையே தொடக்கமாகக் கொள்வர். ஆதலால் அந்நேரத்தை அறியாதவிடத்து மருந்திருந்தும் கொடுக்க இயலாமற் போகலாம்.

அம்மையார் பிழைத்தார். வலக்கையில் இன்னும் சிறிது சோர்வு உண்டு. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. தெளிவாகப் பேசத் தொடங்கிய நாளில் அவர் கணவரை நோக்கி, “இஞ்சாருங்கோ, செத்த ஆக்களின்ரை கொப்பியிலை என்ரை பேரையும் எழுதிப்போட்டியளே” என்றாராம். “பேர் எழுதேல்லை, நேரந்தான் எழுதினனான்” என்றார் நண்பர். அதன் பின்னர் அவர் சேமக்காலைக்குச் செல்வது குறைந்துவிட்டது. அம்மையார் கையைப் பயிற்றும்போது எண்ணிக்கை சொல்லுதலே இப்பொழுது அவருடைய காலைப் பணி. ஒவ்வொரு நாளும் கை எவ்வளவு உயர்கின்றது என்பதை அதே கொப்பியின் பின்புறத்தில் எழுதி வருகின்றார்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எடுத்துரைப்பார்களாக. முகம் ஒருபுறம் தொய்தல், ஒரு கை சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றனுள் ஒன்று திடீரெனத் தோன்றினும் நேரத்தைக் குறித்தல் வேண்டும். வாயினால் யாதும் ஊட்டலாகாது. உடனே வண்டியை அழைத்தல் வேண்டும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியுடன் தொடங்கிய அவ்விலவச வண்டிச் சேவை 2018 இல் வடக்கிற்கும் வந்தது. இறந்த திதியை வெண்பாவில் அமைக்கப் பண்டிதர் இருக்கின்றனர். நோய் தொடங்கிய மணியைக் குறிக்க, வீட்டிலிருக்கும் பத்து வயதுப் பிள்ளையே போதும்.