உங்களுக்குத் தெரியுமா? கரிசலில் இறங்கும் எர்த் ராடு

எர்த் குழியில் நிரப்ப மூட்டைக் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறோமே பெண்டோனைட், அதுவும் வெம்பக்கோட்டைக் காட்டில் மழை பெய்தால் காலோடு வருகிற கரிசலும் ஒரே குடும்பம். இரண்டிலும் இருப்பது மான்ட்மோரில்லோனைட் வகைக் களிமண். தண்ணீரைக் குடித்து உப்பும், குடித்ததை லேசில் விடாது. ஈரம் நிற்கிற மண்ணில் மின்சாரம் சுலபமாக இறங்கும். அந்த வட்டாரத்தில் 2022-இல் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கிய விஜயகரிசல்குளம், ஊர்ப் பெயரிலேயே கரிசலை வைத்திருக்கிறது.

ஈரக் கரிசலில் 3 மீட்டர் நீளம், 16 மி.மீ. கனமுள்ள ஒற்றை ராடு 3 அல்லது 4 ஓம் காட்டும் என்கிறது கணக்கு. அதே ராடை வறண்ட சரளையில் அடித்தால் 30 ஓமைத் தாண்டிவிடும். ராடு ஒன்றுதான், மண்தான் வேறு.

ஆனால் சித்திரை வெயிலில் இதே கரிசல் கைவிடும். விரல் நுழைகிற அளவு வெடிப்பு விடும்போது, அந்த வெடிப்பு ராடின் ஓரமாகவும் ஓடும். மண் சுருங்கி இரும்பை விட்டு விலகி நிற்கும். ஐப்பசி மழையில் அளந்து எழுதி வைத்த ஓம் கணக்கை நம்பிக் கோடை இடியை எதிர்கொள்வது ஆபத்து. எர்த் அளக்கச் சரியான காலம் கோடைதான்.

தடை எங்கே இருக்கிறது தெரியுமா? 3 மீட்டர் ராடில், மொத்தத் தடையில் மூன்றில் இரண்டு பங்கு ராடைச் சுற்றி ஒரே அடி தூரத்து மண்ணுக்குள் இருக்கிறது. அதனால்தான் ராடை அடிக்கிற விதம் முக்கியம். சம்மட்டியால் அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ராடு இப்படியும் அப்படியும் ஆடுகிறது. வாய்ப்பக்கம் குழி புனல் மாதிரி அகன்றுவிடுகிறது. ஹேமர் மெஷின் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அடிகளாக நேராக இறக்குவதால் மண் ராடைக் கவ்விக்கொள்கிறது. இளகின மண்ணில் சில நிமிஷ வேலை.

மெஷினில் ஒரு விஷயம் மறக்கக் கூடாது. சுழற்சியை நிறுத்தி, அடி மட்டும் விழுகிற நிலையில் வைக்க வேண்டும். பிட்டுக்குப் பதிலாக ராடின் தலையை மூடுகிற குப்பி போன்ற துண்டைப் பொருத்த வேண்டும். தலைக்கு மேலே பத்துக் கிலோ மெஷினை ஏந்திக்கொண்டு ஏணியில் ஒற்றை ஆளாக நிற்கவே கூடாது. முதலில் ஒரு முழம் குழி தோண்டி, ராடை நிறுத்தி, இன்னொருவர் பிடித்துக் கொடுக்கத் தொடங்குவதுதான் சரி.

கிளாம்பை எப்போது மாட்டுவீர்கள்? அடி வாங்கி ராடின் தலை காளான் மாதிரி விரிந்துவிட்டால் கிளாம்ப் நுழையாது. அடிக்கும் முன்பே கோர்த்துவிடுங்கள்.

எர்த் ராடு அடிக்கிற அந்த ஹேமருக்குப் பெரும்பாலும் எர்த் பின்னே கிடையாது! சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை அதன் மேல் இருக்கும். இரட்டைக் காப்பு என்று பொருள்.

கரிசலுக்குக் கீழே சுக்கான் பாறை இருக்கிறது. ராடு சட்டென்று நின்று, மெஷின் கையில் துள்ளும். அந்த இடத்தில் சிலர் மிச்ச ராடை ஆக்சா பிளேடால் அறுத்துவிட்டு, மேலே மண்ணைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். பார்க்கிறவருக்கு எர்த் போட்ட மாதிரியே இருக்கும். இது பச்சைத் துரோகம். ராடைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிக்கலாம். அமெரிக்க விதிப்படி 45 டிகிரி வரை சாய்த்தும் இறக்கலாம். கனத்தை இரண்டு மடங்காக்கினால் தடை பத்தில் ஒரு பங்குதான் குறையும். நீளத்தை இரண்டு மடங்காக்கினால் கிட்டத்தட்டப் பாதியாகும். ஆக, அறுத்து வீசுவது வெறும் இரும்பு இல்லை.

1769-இல் இத்தாலியின் பிரெஷியா நகரில் வெடிமருந்து வைத்திருந்த இடத்தில் இடி விழுந்து, நகரின் ஒரு பகுதியே தரைமட்டமானது. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் பர்ஃபிளீட் வெடிமருந்துக் கிடங்கைக் காக்க இடிதாங்கி வைக்கச் சொன்ன குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் இருந்தார். பட்டாசுக் கட்டடங்களின் மேல் நாம் பார்க்கிற இடிதாங்கிக்கு அவ்வளவு பழைய வரலாறு. ஆனால் மேலே நிற்கிற கூர்முனை பாதி வேலைதான். வாங்கிய மின்னலை மண்ணில் சேர்ப்பது கீழே புதைந்த ராடு. அங்கே தடை 10 ஓமுக்கு மேல் போகக் கூடாது.

பட்டாசு ஆலையில் மருந்து அறை வாசலில் தாமிரத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போகச் சொல்வது ஏன்? நடக்கும்போது உடம்பில் சேருகிற நிலைமின்சாரம் 3,000 வோல்ட் அளவுக்கு வந்தால்தான் நமக்கே சுரீர் என்று தெரியும். அலுமினியப் பொடி கலந்த மருந்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நைலான் சேலை வேண்டாம், பருத்தி உடுத்துங்கள் என்பதும் இதற்குத்தான். அந்தத் தகட்டின் கம்பி அறுந்திருந்தால், தொட்டும் பயனில்லை. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலையில் ஒரே விபத்தில் இருபது பேருக்கு மேல் இழந்த பகுதி இது. இங்கே எந்தப் பாதுகாப்பும் பெயருக்கு இருக்கக் கூடாது.

ஹேமர் மெஷினின் கார்பன் பிரஷ் ஓடும்போது பொறி பறக்கும். சம்மட்டியிலும் இரும்போடு இரும்பு மோதினால் பொறிதான். ஆகவே பட்டாசு ஆலைக்குள் வேலை நாளில் எர்த் அடிக்கவே கூடாது. மருந்தை முழுக்க அப்புறப்படுத்தி, தரையைக் கழுவி, ஆலை மூடியிருக்கும் நாளில், போர்மேன் அனுமதியோடுதான் மெஷினைத் தொட வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு கணக்கு. எர்த் 10 ஓம் இருந்தால், 230 வோல்ட்டில் கசிவது 23 ஆம்பியர். 32 ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு அசையாது; மோட்டாரின் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். எர்த் ராடோடு, கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம் வேண்டும்.

உப்பும் கரியும் போட்ட பழைய குழியா? உப்பு தடையைக் குறைக்கும், இரும்பையும் தின்னும். சில ஆண்டுகளில் மேலே கம்பி இருக்கும், கீழே துருதான் இருக்கும்.

வீடோ, பம்புசெட்டோ, பட்டாசு ஆலையோ, வரும் சித்திரையில் எலக்ட்ரீஷியனை எர்த் டெஸ்டரோடு வரச் சொல்லுங்கள். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று நீங்களே குனிந்து பார்த்து, தேதியோடு சுவரில் எழுதி வையுங்கள்.