பகைவன் பொறித்த எழுத்து

காஞ்சிபுரத்துக்குப் போகும் பெண்மணிகளுக்குப் பெரும்பாலும் இரண்டே காரியங்கள்தாம். ஒன்று காமாட்சி தரிசனம். மற்றொன்று கல்யாணத்துக்குப் பட்டுப் புடைவை. பெரிய காஞ்சிபுரத்துக் கடைகளில் பத்துப் புடைவையைப் பிரித்துப் பார்த்து, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விலை பேசி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தைத் தாண்டி, ஊருக்கு மேற்கே தனியாக நிற்கும் கைலாசநாதர் கோயிலை எட்டிப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஆனால், பார்க்க வேண்டிய கோயில் அது. ராஜசிம்மன் என்ற பல்லவ மன்னன் கட்டியது. ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வயதாகிறது. வாசலிலேயே வரிசையாகச் சில சிறு சந்நிதிகள் உண்டு. அவற்றுள் ஒன்றைக் கட்டியவள் அவனுடைய ராணி ரங்கபதாகை. கணவன் பெரிய கோயில் எழுப்பினான் என்றால், மனைவியும் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை!

உள்ளே, முன் மண்டபத்துத் தூண் ஒன்றின் பின்புறத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதன் பாஷை தமிழும் அல்ல, சம்ஸ்கிருதமும் அல்ல, கன்னடம். எழுதச் செய்தவன் பல்லவனும் அல்ல. பல்லவர்களுக்குப் பரம்பரை வைரியான சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன். படையெடுத்து வந்து ஊரைப் பிடித்துக்கொண்ட பகைவனின் எழுத்து, அந்த ஊர்க் கோயிலுக்குள்ளேயே எப்படி வந்தது? வந்ததுதான் வந்தது, இன்றுவரை எப்படி அழியாமல் இருக்கிறது?

சண்டையைத் தொடங்கியது யார் என்று கேட்டால், இரு தரப்பிலும் கணக்கு உண்டு. சளுக்கியன் புலிகேசி பல்லவ நாட்டின் மீது படையெடுத்தான். அதற்குப் பதிலாக 642-ஆம் ஆண்டில் நரசிம்மவர்ம பல்லவன் சளுக்கியரின் தலைநகரான வாதாபியைப் பிடித்தான். 'சிவகாமியின் சபதம்' படித்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. 'வாதாபி கொண்டான்' என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் வாதாபி மக்களின் இடத்தில் இருந்து பார்த்தால், பதின்மூன்று ஆண்டுகள் அந்நியன் ஆட்சி அல்லவா? பாதாமிப் பாறையில் நரசிம்மவர்மன் பொறித்த வெற்றிக் கல்வெட்டு, சிதைந்த நிலையில் இன்றும் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த வம்சத்தில் வந்தவன்தான் விக்கிரமாதித்தன்.

நூறு வருஷத்துக் கோபத்தைச் சுமந்துகொண்டு, சுமார் 740-ஆம் ஆண்டில் அவன் காஞ்சிக்கு வந்தான். அப்போது பல்லவ சிங்காதனத்தில் இருந்தவன் நந்திவர்மன். பன்னிரண்டு வயதில் அரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவன், இன்னும் வாலிபன்தான். அவன் தோற்று ஓடினான். யானைகள், ரத்தினங்கள், கொடி, 'சமுத்திரகோஷம்' என்ற வாத்தியம் எல்லாம் சளுக்கியன் கைக்குப் போயின. நகரத்தின் வாசல் திறந்து கிடந்தது.

அன்று இரவு காஞ்சியின் வீடுகளில் எத்தனை தாய்மார் குழந்தைகளை அணைத்துக்கொண்டு தூங்காமல் இருந்திருப்பார்கள்! யுத்தம் என்றால் அரசர்களுக்கு வெற்றி தோல்வி. அடுப்பங்கரையில் நிற்பவளுக்கு ஒரே கேள்விதான்: நாளைக்கு இந்த வீடு இருக்குமா?

வீடு இருந்தது. விக்கிரமாதித்தன் நகரை அழிக்காமல் உள்ளே நுழைந்தான் என்றும், அந்தணர்களுக்கும் ஏழைகளுக்கும் தானம் கொடுத்தான் என்றும் அவன் மகன் கீர்த்திவர்மனின் செப்பேடுகள் கூறுகின்றன. கைலாசநாதரின் பொன்னையும் பொருளையும் அவன் பார்த்தான். அள்ளிக்கொண்டு போக யாரும் தடையில்லை. ஆனாலும் அவ்வளவையும் ஸ்வாமிக்கே திருப்பிக் கொடுத்தான். அந்தச் செய்தியைத்தான் தூணில் பொறித்து வைத்தார்கள். இந்த எழுத்தை அழிப்பவர்கள், இவ்வூர்க் கடிகையின் பெரியோர்களைக் கொன்றவர்கள் போகும் உலகத்துக்குப் போவார்கள் என்று சாபமும் சேர்த்தார்கள். கடிகை என்பது காஞ்சியின் பெயர் பெற்ற கல்விச் சபை. பகைவன் தேடிப் பிடித்த மகா பாவம், காஞ்சியின் கற்றோரைக் கொல்வது!

இது ஜெயித்தவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது என்பதை மறக்கக் கூடாது. போர்க்களத்தில் மாண்டவர்களின் மனைவிமார் தூணில் எழுதவில்லை. ஆனாலும் கோயில் நிற்கிறது, அது பொய்யில்லை.

விக்கிரமாதித்தன் வீடு திரும்பிய பிறகு, அவன் ராணி லோகமாதேவி, மூன்று முறை காஞ்சியை வென்றதன் ஞாபகார்த்தமாகப் பட்டதகல்லில் ஒரு சிவாலயம் கட்டினாள். இன்று விருபாட்சர் கோயில் என்று பெயர். அவளுடைய தங்கை திரைலோக்கியமாதேவியும் அதே அரசனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் பக்கத்திலேயே மற்றொரு கோயில் கட்டினாள். விருபாட்சர் கோயிலின் கல்வெட்டுகளில் சிற்பாசாரிகளின் பெயரும் பட்டமும் கூட இருக்கின்றன. காஞ்சிக் கைலாசநாதரைப் பார்த்துவிட்டு அங்கே போகிறவர்களுக்குச் சாயல் பளிச்சென்று தெரியும். தோற்ற ஊரின் கோயிலைப் பார்த்து ஜெயித்த ஊரில் கோயில் எழுந்தது என்றால், உண்மையில் ஜெயித்தது யார்?

தொண்டை நாட்டுக்கு அந்நியன் வருவது அதோடு நிற்கவில்லை. 949-ல் தக்கோலத்தில் பெரும் யுத்தம். சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர் விட்டான். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று பட்டம் சூட்டிக்கொண்டான். இவன் வந்துவிட்டுப் போகிறவன் இல்லை; ஆள வந்தவன். 959-ல் மேல்பாடியில் பாசறை போட்டு, பிடித்த நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தான். தொண்டை நாட்டுக் கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகளே அவனுடைய ஆட்சி ஆண்டைப் போட்டு எழுதப்பட்டன. சுமார் இருபது வருஷம்! பிறகு சோழர்கள் மீட்டுக்கொண்டார்கள். அதே மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டனார் அரிஞ்சயரின் நினைவாகக் கோயில் கட்டினான்.

இதெல்லாம் பழங்கதை, நாகரிகம் வளர்ந்த நாளில் இப்படி நடக்குமா என்று கேட்கலாம். நடந்ததே! இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941 மே மாதத்தில், முசோலினியின் இத்தாலி ஏட்ரியாடிக் கடலோரத்தில் யுகோஸ்லாவியாவுக்குச் சொந்தமாயிருந்த டால்மேஷியாவின் பெரும் பகுதியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஊர்ப் பெயர்கள் இத்தாலியப் பெயர்களாயின. பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் இத்தாலிய பாஷை புகுந்தது. ஸ்பிளிட் நகரத்துக் கால்பந்துக் குழுவான ஹைதுக்கை, இத்தாலியப் போட்டியில் ஆடும்படி அழைத்தார்கள், குழு மறுத்துவிட்டது. அதே கடலில் உள்ள ராப் தீவில் 1942-ல் இத்தாலியர் அமைத்த கைதி முகாமில், பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. 28 மாத ராஜ்யம் முடிந்தது. ஏறிய பெயர்ப் பலகைகள் இறங்கின. மிஞ்சியது வடு ஒன்றுதான்.

இப்போது மறுபடியும் நம் தூணுக்கு வருவோம். விக்கிரமாதித்தன் காஞ்சியில் நிலைத்து இருக்கவில்லை. நந்திவர்மன் திரும்பி வந்து நீண்ட காலம் ஆண்டான். தன் தோல்வியைச் சொல்லும் அந்த எழுத்து, அவனுக்கு எட்டும் தூரத்திலேதான் இருந்தது. ஓர் உளி, ஒரு நாழிகை, அழித்திருக்கலாம். அவன் அழிக்கவில்லை. பின்னால் வந்த சோழர்களும் அழிக்கவில்லை. சாபத்துக்குப் பயந்தார்களோ, கோயில் தூணில் கை வைக்கக் கூசினார்களோ, கொடுத்ததைக் கொடுத்ததாகச் சொல்லும் எழுத்து இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்களோ! எப்படியானாலும் பகைவன் செய்த ஒரு நல்ல காரியத்துக்கு இந்த ஊர் சாட்சி வைத்திருக்கிறது. பலத்தால் பிடித்ததை எவனும் வைத்துக்கொள்ள முடியவில்லை. திருப்பிக் கொடுத்தது மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்த முறை புடைவை எடுக்கப் பெரிய காஞ்சிபுரம் போகும்போது, விலை பேசுவதில் அரைமணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பிள்ளையார்பாளையம் வழியாக நடந்து போய், ரங்கபதாகையின் சந்நிதியையும் அந்தத் தூணையும் பார்த்துவிட்டு வாருங்கள். கூடக் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள். எழுத்து புரியாது, பரவாயில்லை. பிடித்துக்கொண்டவன் திருப்பிக் கொடுத்த கதை என்று சொன்னால், அவர்களுக்குப் புரியும்.