தொடக்க வகுப்பு – 9: எண்ணும் வண்ணமும்

செயல்வழிக் கற்றல் தமிழகத்துக்கு வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆந்திரத்து ரிஷிவேலியில் உருவான அந்த அட்டை முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சில 2003இல் எடுத்துக்கொண்டன. 2007-08இல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. அட்டையும் கற்றல் படிகளைக் காட்டும் ஏணியும் சுவரடியில் பிள்ளைகளுக்கான கரும்பலகையும் வந்தபின் வகுப்பறையின் முகமே மாறிப்போனது. ஆனால் கை ஓயாமல் இயங்கும் வகுப்பில் மனமும் இயங்குகிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? செயல்பாடு என்றாலே நல்லது என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. அதை முடிக்கப் பிள்ளை எதை யோசித்தே ஆக வேண்டும் என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும்.

இதற்கு நல்ல சான்று ஒரு எளிய பலகை ஆட்டம். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு அது. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் முன்பருவ வகுப்புகளில் அதை நடத்தினார்கள். நேர்வரிசையில் பத்துக் கட்டங்கள், ஒரு சுழலி, ஒரு காய், அவ்வளவுதான். ஒரு குழுவின் பலகையில் 1 முதல் 10 வரை எண்கள். மற்றதில் வெறும் வண்ணங்கள். காயை நகர்த்தும்போது எண்ணையோ வண்ணத்தையோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்குள் நான்கே அமர்வுகள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம் போல. எண் பலகையில் ஆடியவர்கள் எண்ணுவதிலும், எண்ணை அடையாளம் காண்பதிலும், எது பெரிது என்று சொல்வதிலும் தெளிவாக முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்தது. வண்ணப் பலகைக் குழுவில் அப்படி எதுவும் நிகழவில்லை. பார்வையாளர் ஒருவர் வாசலில் நின்று பார்த்திருந்தால் இரண்டையும் ‘அருமையான செயல்பாடு’ என்றே எழுதிவிட்டுப் போயிருப்பார்.

2014இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. நூறு வரை எண்ணிட்ட பலகை. காய் 5இல் இருக்கிறது, சுழலியில் 2 விழுகிறது. ‘ஒன்று, இரண்டு’ என்று சொல்லி நகர்த்தலாம். கட்டத்திலுள்ள எண்ணைப் பார்த்து ‘ஆறு, ஏழு’ என்றும் நகர்த்தலாம். இரண்டாவது வகையில் ஆடிய பிள்ளைகளுக்கே எண்களின் அளவு பற்றிய புரிதல் கூடியது. வீட்டில் பரமபதம் ஆடும் நாம் பெரும்பாலும் முதல் வகைதான்!

‘ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து ஆடினால் எதுவும் பலிக்கும், ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?’ என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2008 ஆய்வில் அப்படித்தான் தனித்தனியாக ஆட வைத்தார்கள். ஆனால் 2012இல் அதே ஆட்டத்தைச் சிறு குழுக்களாக, வகுப்பின் உதவியாளர்களைக் கொண்டே நடத்தியபோதும் பலன் கிடைத்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பதால் இங்கும் சிறு குழு புதிதல்ல. பாடம் முடியாது என்பது இன்னொரு தடை. நான்கு கால் மணி நேரம் எந்தப் பாடத்திட்டத்தையும் கவிழ்த்துவிடாது. நேரத்தைத் தின்பது வெட்டி ஒட்டி வண்ணம் தீட்டும் வேலைதான். பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருந்தால் போதாதா என்பவர்களுக்கு, விளையாட்டு நேரம் தனியே இருக்கிறது, அதைப் பறிக்காதீர்கள் என்பதே என் பதில்.

ஆகவே வட்டார வள மையங்களில் பயிற்சி தருவோருக்கு ஒரு வேண்டுகோள். செயல்பாட்டுக்கு என்னென்ன பொருள் வேண்டும் என்று பட்டியலிடும் தாளில், பிள்ளை வாய்விட்டு என்ன சொல்ல வேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுங்கள்.