ஈசலும் ஈஸ்ட்டும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

மழை ஓய்ந்த மாலை வேளையில் புற்றிலிருந்து ஈசல் புறப்படுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். எங்கள் ஊரில் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். புற்றின் வாயருகே விளக்கை ஏற்றி, பக்கத்தில் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார்கள். வெளிச்சத்தை நாடிவரும் ஈசல் தண்ணீரில் விழும். மறுநாள் வெயிலில் காயவைத்து, வறுத்து, இறகைப் புடைத்து நீக்கி, பொரியரிசியும் பொட்டுக்கடலையும் கலந்து அம்மா தருவார்.

சென்ற ஆண்டு நான் விடுதியில் சேர்ந்த சில நாட்களில் அம்மா அதை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். டப்பாவைத் திறந்ததும் அறையில் எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அன்றிரவே யாரும் அறியாமல் அதைக் குப்பையில் கொட்டினேன். அம்மா கேட்டபோது, "எல்லாரும் சாப்பிட்டோம்மா" என்று பொய் சொன்னேன்.

இவ்வாண்டு புரதங்களைப் பற்றிய பாடம் நடந்தது. அதன் தொடர்பாகப் படித்தபோதுதான் நான் கொட்டியது என்னவென்று எனக்குத் தெரிந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 200 கோடி மக்களின் உணவில் பூச்சிகள் இடம்பெறுவதாகவும், 1,900-க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் உண்ணப்படுவதாகவும் கூறுகிறது!

புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அவற்றுள் ஒன்பதை நம் உடலால் ஆக்கிக்கொள்ள முடியாது. உணவின் வழியே பெற வேண்டும். அரிசியில் லைசின் குறைவு. அக்குறையைப் பருப்பு ஈடு செய்கிறது. இறைச்சியில் ஒன்பதும் நிறைவாக உண்டு. ஆனால் இறைச்சிக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. மாடு ஒரு கிலோ எடை கூடச் சுமார் எட்டுக் கிலோ தீனி வேண்டும். பூச்சிகளுக்குச் சராசரியாக இரண்டு கிலோ போதும் என்கிறது அதே அறிக்கை. காரணம் எளிது. பூச்சி குளிர் இரத்தப் பிராணி. உடலைச் சூடாக வைத்திருக்க அது தீனியைச் செலவிடுவதில்லை.

பூச்சியை விடவும் விரைவாக வளர்பவை நுண்ணுயிர்கள். ஈஸ்ட் சில மணி நேரத்தில் இரண்டு மடங்காகிவிடும். முதல் உலகப் போரின்போது உணவுப் பஞ்சத்தில் வாடிய ஜெர்மனி, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் அம்மோனியா உப்பைச் சேர்த்து ஈஸ்ட்டை வளர்த்து உணவாகப் பயன்படுத்தியது. இவ்வகைப் புரதத்திற்கு 1966-இல் 'ஒற்றைச் செல் புரதம்' என்று பெயர் சூட்டினார்கள்.

இங்கிலாந்தில் நடந்த இரண்டு முயற்சிகள் நமக்கு நல்ல பாடம். ஐ.சி.ஐ. நிறுவனம் பில்லிங்ஹாம் என்னுமிடத்தில் மெத்தனாலை உண்டு வளரும் பாக்டீரியாவிலிருந்து 'புரூட்டீன்' என்ற கால்நடைத் தீவனத்தை 1980-களில் பெருமளவில் தயாரித்தது. அதில் சுமார் 70 சதவீதம் புரதம்! ஆயினும் சோயாப் புண்ணாக்கு அதைவிட மலிவாகக் கிடைத்ததால் ஆலை நிலைக்கவில்லை. அறிவியல் வென்றது, கணக்கு தோற்றது.

மற்றொன்று, மண்ணில் கண்டெடுத்த ஃபியூசேரியம் வெனனேட்டம் என்ற பூஞ்சை. குளுக்கோஸ் கரைசலில் வளரும் இதன் இழைகள் இறைச்சியின் நார்போல் இருக்கும். இதிலும் ஓர் இடர் இருந்தது. வேகமாக வளரும் செல்களில் நியூக்ளிக் அமிலம் மிகுதி. அளவுக்கு மேல் உண்டால் இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி மூட்டுவலி வரும். எனவே பூஞ்சையைச் சூடாக்கி ஆர்.என்.ஏ.வைக் குறைத்தார்கள். பல ஆண்டுச் சோதனைகளுக்குப்பின் 1985-இல் 'குவார்ன்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது, இன்றும் விற்கிறது. மாட்டுத் தீவனமாகப் புண்ணாக்கோடு போட்டியிடாமல், மனிதர் விரும்பி உண்ணும் உணவாக வந்ததே அது பிழைத்த காரணம் என்பது என் கருத்து.

நம்மூரிலும் இத்தகைய முயற்சி உண்டு. ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக்கரை மக்கள் நெடுங்காலமாக நீரிலிருந்து வடித்து, காயவைத்து உண்ணும் ஸ்பைருலினாவைச் சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் நம் கிராமங்களில் வளர்க்க வழிகண்டது.

அப்படியானால் நாளையே எல்லோரும் ஈசல் தின்னலாமா? அப்படிச் சொல்லமாட்டேன். ஈசல் ஓரிரு நாள் கிடைக்கும் மழைக்கொடை. அதை நம்பி ஊருக்கு உணவிட முடியாது. பூச்சிமருந்து தெளித்த நிலத்துப் பூச்சிகள் நஞ்சாகலாம். இறால் ஒவ்வாதவர்க்குப் பூச்சியும் ஒவ்வாமற் போகலாம். ஆகவேதான் சுத்தமான தீனியில், பண்ணை முறையில் வளர்ப்பதே முறை என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் உலர்ந்த மாவுப்புழுவை உணவாக விற்க 2021-இல் அனுமதி அளித்தது.

புதிய புரதத்தின் வழியில் இரண்டு தடைகள் நிற்கின்றன. ஒன்று விலை, மற்றொன்று கூச்சம். விலையைக் குறைக்கும் வேலையை ஆய்வுக்கூடங்கள் பார்த்துக்கொள்ளும். கூச்சத்தை எந்த ஆய்வுக்கூடமும் நீக்க முடியாது. அது என்னைப்போன்றவர் மனத்தில் இருக்கிறது. அன்று நான் ஈசலுக்காக வெட்கப்பட்டேனா, என் வீட்டுக்காக வெட்கப்பட்டேனா என்று பலமுறை எண்ணிப்பார்த்துவிட்டேன்.

கடந்த விடுமுறையில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காலேஜ் புஸ்தகத்துல நம்ம ஈசலைப் பத்திப் போட்டிருக்கா?" என்று கேட்டார். "போட்டிருக்கும்மா" என்றேன்.

அடுத்த மழைக்கு டப்பா வரும். நண்பர்களே, இம்முறை அதை உங்கள் முன்னால் திறப்பேன். விரும்பியவர்கள் ஒரு பிடி எடுத்துக்கொள்ளலாம். இறால் ஒவ்வாதவர்கள் மட்டும் பொட்டுக்கடலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்!